நோன்பாளியின் மதியச் சோறு

எங்கள் விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தின் சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. யார் எத்தனை கிராம் சோற்றைக் குப்பையில் கொட்டினார்கள் என்று அதில் பெயரோடு ஓடும். அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட வேண்டும். மறுபக்கம் திரும்பி உட்கார்ந்தால் கை கழுவும் தொட்டி தெரியும். முருங்கைக்காய்ச் சக்கையும் கறிவேப்பிலையும் அடைத்துக்கொண்டு அதில் எப்போதும் மஞ்சளாகத் தண்ணீர் நிற்கும். நான் தொட்டிப் பக்கம்தான் உட்காருவேன். இரண்டில் அது பரவாயில்லை.

தூத்துக்குடியில் நான் பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அந்தச் செயலி வந்தது. மாணவிகளின் அன்றாட வாழ்க்கையை எளிதாக்க என்று சொல்லி, குத்துவிளக்கு ஏற்றி, எங்கள் எல்லோருடைய போனிலும் ஏற்றிவிட்டார்கள். கழுத்தில் டை கட்டிய ஒருவர் மேடையில் நின்று, “இனிமேல் நீங்கள் படித்தால் மட்டும் போதும், மற்றதை எல்லாம் இது பார்த்துக்கொள்ளும்” என்றார். கையும் தட்டினோம். பொய் சொல்லக் கூடாது, சில விஷயங்களில் அது உதவத்தான் செய்தது. துணி துவைக்கும் மெஷினுக்கு வரிசை போட்டுச் சண்டை பிடிப்பது நின்றது. எந்த வகுப்பு எந்த அறையில் என்று மாடிமாடியாக ஏறி இறங்கும் வேலை மிச்சமானது. திருச்செந்தூர் பஸ் எங்கே வருகிறது என்று படுத்துக்கொண்டே பார்க்கலாம்.

ஆனால் அதற்கு வாய் நீளம். வகுப்பின் நடுவில் “தண்ணீர் குடித்தீர்களா?” என்று கேட்கும். விடுதிக் குழாயில் வருவது வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர் என்பது அதற்குத் தெரியாது. படுக்கப் போகும்போது “இன்று எதற்கு நன்றி சொல்ல விரும்புகிறீர்கள்?” என்று விசாரிக்கும். ஒவ்வொரு சாப்பாடு முடிந்ததும் ஐந்து முகங்களைக் காட்டி, உணவு எப்படி இருந்தது என்று ஒன்றைத் தொடச் சொல்லும். சிரிக்கிற முகம், பல் தெரியச் சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், யோசிக்கிற முகம், லேசாக வருத்தப்படுகிற முகம். குமட்டுகிற முகம் கிடையாது. அந்த ஐந்தையும் உட்கார்ந்து யோசித்தவர் ஒருநாளாவது எங்கள் மெஸ்ஸில் புளிக்குழம்பு சாப்பிட்டிருந்தால் ஆறாவதாக அதைச் சேர்த்திருப்பார்.

என் அறைத்தோழி காயல்பட்டினத்துக்காரி. கணினி அறிவியல் படித்தாள். அவள் வாப்பா துபாயில் வேலை பார்த்தார். ஊரில் உம்மாவும் காக்காவும். காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். காயல்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் போய்வந்து படிக்கிற தூரம்தான். ஆனால் அவளுக்கு லேப் முடிய இருட்டிவிடும். பொம்பளைப் பிள்ளை இருட்டிய பிறகு பஸ் ஏறி வந்து இறங்குவதைக் காக்கா ஒப்புக்கொள்ளவே மாட்டார். முதல் வருடப் பாதியிலேயே, படித்தது போதும் என்று அவர் நிறுத்தப் பார்த்தபோது, வாப்பா துபாயிலிருந்து பேசி விடுதியில் சேர்த்துவிட்டார். விடுதி இருந்தால் படிப்பு, விடுதி போனால் படிப்பும் போயிற்று. இதை அவள் வந்த முதல் நாளே பெட்டியைத் திறக்கும் முன்பு என்னிடம் சொல்லிவிட்டாள்.

நான் மணப்பாட்டுப் பக்கத்துக் கடற்கரைக்காரி, கத்தோலிக்கம். அந்த வருடம் எங்கள் தவக்காலமும் அவர்கள் நோன்பு மாதமும் ஒரே வாரத்தில் தொடங்கின. தவக்காலத்தின் முதல் நாள் நான் நெற்றியில் சாம்பல் பூசி வந்தபோது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். “நீயும் பட்டினி, நானும் பட்டினி. ரூம்ல ஒரு பிஸ்கோத்துகூட இருக்கப்படாது, சொல்லிட்டேன்” என்றாள். தவக்காலம் முழுக்க எனக்குச் சுத்தபோசனம், கறி தொடமாட்டேன். வெள்ளிக்கிழமை ஒருசந்தி. எங்கள் வீட்டில் ஒருசந்தி என்றால் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்தான். மற்ற வீடுகளில் மதியம் ஒருவேளை சாப்பிடுவார்கள், என் அம்மாவுக்கு அதெல்லாம் ஒருசந்தியிலேயே சேர்த்தி இல்லை.

முந்தைய வருடம் நோன்பு மாதத்தில் ஒரு பிரச்சினையும் இருந்ததில்லை. மெஸ் அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மதியத்துக்கு அவளுக்கு உலை வைக்க மாட்டார்கள். இந்த வருடம் செயலி இருந்தது. சாப்பாட்டு வரிசையில் போனைக் காட்டினால் பச்சை விளக்கு எரியும், தட்டு வரும். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடைமேடையில் வைத்து மறுபடி போனைக் காட்ட வேண்டும். மிச்சம் எவ்வளவு என்று உடனே சுவரில் ஓடும். இதற்கு மேல் போன் திரையில் ஒரு வண்ணப் பட்டை வேறு. மதியச் சாப்பாட்டுக்கு வராத ஒவ்வொரு நாளும் அது பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் இறங்கும். சிவப்பு தீர்ந்தால் அந்தப் பெண் விடுதியில் தங்கவே இல்லை என்று செயலி முடிவு கட்டி, காத்திருக்கும் அடுத்தவளுக்கு அந்த இடத்தைக் கொடுத்துவிடும். விடுதியில் பெயரை வைத்துக்கொண்டு வெளியே தங்குகிற சிலரைப் பிடிக்கத்தான் இதைச் செய்தார்களாம்.

நோன்பு தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே அவள் பட்டை சிவப்புக்கு வந்துவிட்டது. “உங்களைக் காணோமே! உங்கள் இடம் ஆபத்தில் இருக்கிறது” என்று ஒரு அழுமூஞ்சிப் படத்தோடு செய்தி வந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேருமாக வார்டன் மேடத்திடம் போனோம். மேடம் எங்கள் மாவட்டத்து நாசரேத்துப் பக்கம், கடுமையான ஆள் கிடையாது. தன் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பியே காட்டினார்.

“இங்க பாருங்கம்மா, வரலைன்னா ரெண்டு காரணம்தான் கேக்குது. ஒண்ணு ஊருக்குப் போயாச்சு, இல்லைன்னா உடம்பு சரியில்லை. நோன்புன்னு ஒண்ணு இதுல இல்லையே.”

“ஊருக்குன்னு போட்டுருங்க மேடம்” என்றேன் நான்.

“கேட்ல வெளியே போன பதிவு இருக்கணும். அது இல்லாம சிஸ்டம் எடுக்காது.”

“அப்ப உடம்பு சரியில்லைன்னு?”

“மூணு நாளைக்கு மேல போட்டா அதுவே வீட்டுக்கு மெசேஜ் அனுப்பி வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிரும். நான் என்ன செய்யட்டும்? கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன். அடுத்த வெர்ஷன்ல சேர்க்கிறோம்னு சொல்லியிருக்காங்க.”

வெளியே வந்ததும் என் தோழி சொன்னாள்: “ஒரே ஒரு வரி. அந்த லிஸ்ட்ல ஒரு வரி சேக்கணும், அவ்வளவுதான். நானே அஞ்சு நிமிசத்துல சேத்துருவேன்.” அவளை விடமாட்டார்கள் என்பது அவளுக்கே தெரியும். அப்புறம் மெஸ் அக்காவைப் பார்த்தோம். அக்காவுக்கு அந்தச் செயலி மேல் அப்படியொரு பிரியம், எங்களோடு வாய் கொடுக்க வேண்டிய வேலை மிச்சமல்லவா. “பச்ச எரிஞ்சா போடுவேன், செவப்பு எரிஞ்சா போடமாட்டேன். யாரு மூஞ்சியவும் நான் பாக்கதில்ல” என்றாள்.

அந்தச் சொல்தான் எனக்கு வழி காட்டியது. முகத்தைப் பார்ப்பதில்லை என்றால் யார் போனை யார் காட்டினால் என்ன?

“ஏளா, ஒன் போன எங்கிட்ட தா. ஒன் சாப்பாட்டையும் நானே தின்னுட்டு வாரேன்” என்றேன்.

“ரெண்டு தட்டா? ஒன்னால முடியுமா?”

“ஒரு தட்டுதான கூட. திங்க முடியாதா என்ன?”

எனக்கு அப்போது கோபம் தலைக்கேறியிருந்தது. நாளைக்கு ஒரு தட்டு என்பது மாதம் முழுவதற்கும் எவ்வளவு என்று அந்தக் கோபத்தில் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து முதலில் என் போனைக் காட்டி என் தட்டைச் சாப்பிட்டு முடிப்பேன். பிறகு வரிசையின் கடைசிக்குப் போய் அவள் போனைக் காட்டி இரண்டாவது தட்டை வாங்குவேன். ஒரு டப்பாவில் போட்டு அறைக்குக் கொண்டுபோய்விடலாம் என்று நினைப்பீர்கள். முடியாது. அறைகளில் எலி வருகிறதென்று வாசலில் ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பார்கள். கொட்டினால் சுவரில் அவள் பெயர் ஓடும், பட்டையும் இறங்கும். அவள் அசைவம் என்று பதிந்திருந்ததால் புதன்கிழமை அவள் தட்டில் கோழி வரும். கோழித்துண்டை வாங்கிக்கொள்ளப் பக்கத்து மேஜையில் எப்போதும் ஆள் இருந்தது. சோற்றுக்குத்தான் ஆள் இல்லை. இரண்டு நாள் பாவம் பார்த்துப் பாதி வாங்கிக்கொண்ட ஒருத்தியும் மூன்றாம் நாள் என்னைக் கண்டதும் வேறு மேஜைக்குப் போய்விட்டாள்.

அந்தச் சோற்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் தட்டில் அது வெறும் மோசமான சோறு. இரண்டாவது தட்டு வாங்கும்போது அண்டாவின் அடிக்கு வந்திருக்கும். உடைத்தால் வெள்ளையாகப் பொடி உதிரும் கட்டி. குழம்பின் மேலே எண்ணெய் ஆறி வளையம் கட்டி நிற்கும். அவித்த முட்டைக்கோஸ் நாற்றம் கையை விட்டுப் போகாது. சில நாள் கடல் காற்று திரும்பி, மீன் அரைக்கிற ஆலையின் நாற்றத்தை ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுக்கூடத்துக்குள் கொண்டுவந்து கொட்டும். மீன் நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கே குடலைப் புரட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவேன். தொண்டைவரை வந்ததைத் திருப்பி உள்ளே தள்ளியிருக்கிறேன். அவ்வளவும் முடித்துத் தட்டை எடைமேடையில் வைத்தால் சுவரில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இலை முளைக்கும். அந்த ஐந்து முகங்களும் வரும். நான் பல் தெரியச் சிரிக்கிற முகத்தைத் தொடுவேன்.

வெள்ளிக்கிழமைகளைப் பற்றிச் சொல்வதற்கு நாக்கூசுகிறது. என் தட்டை நான் வாங்க மாட்டேன், அதில் எனக்குச் சிக்கல் இல்லை, வாரத்துக்கு ஒரு நாள் தவறினால் பட்டை தாங்கும். ஆனால் அவள் பட்டை தாங்காது. காலையில் கோயிலுக்குப் போய், சிலுவைப்பாதையில் முழங்காலிட்டு எழுந்து, ஒருசந்தி இருக்கிறேன் என்று நெஞ்சில் கைவைத்துவிட்டு வந்து, மதியம் இன்னொருத்தியின் பெயரில் தட்டு நிறையச் சோற்றை வாங்கி ஒரு பருக்கை விடாமல் தின்றேன். அம்மா போனில், “ஒருசந்தி இருக்கியாளா?” என்று கேட்பாள். “இருக்கேன்” என்பேன். தவக்காலத்தில் தின்று தின்றே வயிறு கெட்டுப்போன கத்தோலிக்கப் பெண் இந்தக் கடற்கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாயங்காலம் அவள் நோன்பு திறக்கும்போது நான் பக்கத்தில் இருப்பேன். நாக்கு வறண்டு, உதடு வெடித்து, ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குச் சத்தத்துக்குக் காத்திருப்பாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். எனக்குப் புளித்த ஏப்பம் வரும். அவள் முகம் அந்த நேரத்தில் அவ்வளவு தெளிவாக இருக்கும். பொறாமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? அவளுக்கு நோன்பு பிடிக்கக் கூடாத அந்த மாதவிலக்கு நாட்களில் மட்டும் அவள் தட்டை அவளே வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு அவை விடுமுறை நாட்கள். என்னைவிட அந்த நாட்களை எதிர்பார்த்தவர் யாரும் இருக்க முடியாது.

அவள் பட்டை மெல்ல மஞ்சளுக்கு ஏறியது. பிறகு பச்சை. இடம் தப்பித்தது என்று நிம்மதியாக இருந்தோம்.

பெருநாள் நெருங்கிய சமயத்தில் ஒரு மதியம் இரண்டாவது தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன், கூடமே கைதட்டுகிறது. தொட்டிப் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தேன். சுவரில் என் தோழியின் முகம். சேர்க்கையின்போது எடுத்த, முக்காடு போட்ட சிறிய போட்டோவைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி, சுற்றிலும் பச்சை இலைகளைப் பறக்க விட்டிருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: “இம்மாதத்தின் சிறந்த முன்னேற்றம். மாதத் தொடக்கத்தில் சிவப்பில் இருந்தவர் இன்று பச்சையில். மூன்று வாரங்களாக ஒரு மதிய உணவையும் தவறவிடவில்லை, ஒரு பருக்கையையும் வீணாக்கவில்லை. வாழ்த்துகள்!”

நோன்பு மாதத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பார்த்து, ஒருவேளைகூட விடாமல் மதியச் சாப்பாடு சாப்பிட்டாள் என்று ஊரறியக் கைதட்டுகிறார்கள். அதைத் தட்டச்சு செய்த மனிதர் என்று யாரும் இல்லை. செயலியே முகத்தைத் தேடி எடுத்து, செயலியே இலையை ஒட்டி, கல்லூரியின் பக்கத்திலும் தானே போட்டுவிட்டது. காறித் துப்பலாம் என்றால் துப்ப ஒரு முகம் இல்லை.

சாயங்காலத்துக்குள் அது காயல்பட்டினம் போய்ச் சேர்ந்துவிட்டது. முதலில் காக்காவின் குரல்தான் வந்தது. அவள் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

“மொதல்ல கொஞ்ச நாளு புடிச்சிட்டு பொறவு விட்டுட்டியாளா? அங்கன போயி இதத்தான் படிச்சியா? ஊர்ல தல காட்ட முடியல. பெருநாளைக்கு வார, திரும்பிப் போகாண்டாம். பெட்டியெல்லாம் கட்டிட்டு வா.”

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார். அவள் பேரீச்சம்பழத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காக்காவிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவர் நேரே விடுதிக்கு வந்து கத்துவார். வார்டனுக்குத் தெரிந்தால் போனை மாற்றிக் காட்டியதற்காக இரண்டு பேருக்குமே இடம் போய்விடும். சொல்லாவிட்டால் நோன்பை விட்டவள் என்ற பெயரோடு பெட்டி கட்ட வேண்டும். எப்படிப் பார்த்தாலும் படிப்பு போயிற்று.

“நீ ஒண்ணும் சொல்லாத, ஒன் படிப்பாவது மிஞ்சட்டும்” என்றாள் என்னிடம். அந்த நேரத்தில் அதைச் சொல்ல அவளுக்கு எப்படி வாய் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது துபாயிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. வாப்பா ஏதோ ஒரு அறையில் வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. கத்தவில்லை.

“நோன்பு புடிச்சியாம்மா?”

“புடிச்சேன் வாப்பா.”

“பொறவு அது என்னதும்மா?”

அவள் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கினேன்.

“அவ சோத்த நான்தான் தின்னேன் வாப்பா. அவ வாயில ஒரு பருக்க படல. அவளுக்கு எடம் போயிரும்னு அவ போனக் காட்டித் தெனமும் நான் தின்னேன்” என்று ஒரே மூச்சில் பட்டை, தட்டு, எடைமேடை எல்லாவற்றையும் கொட்டினேன். என்னைப் பற்றி அவள் ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தாள்.

“ஏம்மா, ஒங்களுக்கும் இது நோன்பு காலம்லா?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். தண்ணீர் குடித்தாயா, நன்றி சொன்னாயா, சாப்பாடு எப்படி இருந்தது என்று மாதக்கணக்கில் என்னை விசாரித்துக்கொண்டிருந்த அந்தச் செயலி இதைக் கேட்டதில்லை. வார்டன் கேட்டதில்லை. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத எனக்கு அப்போது தேம்பித் தேம்பி அழுகை வந்தது. என் தோழிதான் போனை வாங்கிக்கொண்டாள். “காக்காகிட்ட நான் பேசிக்கிடுதேன். ரூம விட்டுராதீங்க, ரெண்டு பேரும்” என்று வாப்பா சொல்வது காதில் விழுந்தது.

பெருநாள் முடிந்து அவள் திரும்பி வந்தாள். காக்காவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் அவர்கள் பெருநாள் இனிப்பான வட்டிலாப்பம் ஒரு தூக்குவாளி நிறைய எனக்கென்று வந்திருந்தது. காலேஜில் அவளை மேடைக்குக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து அலமாரியின் அடித்தட்டில் விரித்து அதன்மேல் செருப்பை வைத்தாள். செயலியின் அடுத்த பதிப்பும் வந்தது. ஊருக்குப் போயாச்சு, உடம்பு சரியில்லை, அதே இரண்டுதான். புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள்: நாக்கைச் சுழற்றிச் சப்புக்கொட்டுகிற ஆறாவது முகம்.

தவக்காலம் இன்னும் பாக்கி இருந்தது. பெருநாளுக்குப் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை மதியம் அவள் கையை நீட்டினாள்.

“போனத் தா.”

“எதுக்கு? வெள்ளிக்கெழம ஒரு நாள்தான, பட்ட தாங்கும்.”

“ஒரு நாளு என்ன ஒரு நாளு? ஈஸ்டர் வரைக்கும் ஒன் தட்ட நான் திங்கேன். நீ தெனமும் ஒருசந்தி இரு. போன மாசம் விட்டது எல்லாத்தையும் சேத்துப் புடி.”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தொட்டிப் பக்கம் என்னை வெறும் கையோடு உட்கார வைத்துவிட்டு வரிசைக்குப் போனாள். தன் தட்டை முடித்தாள். மறுபடி போய் என் போனைக் காட்டினாள், பச்சை எரிந்தது. அண்டாவின் அடிச்சோறும் ஆறிப்போன புளிக்குழம்பும் வந்தன. பிசைந்து ஒரு வாய் வைத்தவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு வந்தது. கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

“ச்சீ! இதையாளா நீ ஒரு மாசம் தின்ன?” என்று கேட்டுவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தாள்.